கேலனும் மணி நேரமும்: சினாய் முதல் பீர்செபா வரை ஒரு படையின் தண்ணீர்க் கணக்கு

1916 டிசம்பர் 23 பிற்பகல் இரண்டு மணியளவில், சினாய் பாலையிலுள்ள மக்தபா என்னும் இடத்தில், ஆஸ்திரேலியத் தளபதி ஹாரி ஷோவெல் சண்டையைக் கைவிட்டுக் கடலோர ஊரான எல் அரிஷுக்குத் திரும்பும்படி தம் குதிரைப்படைக்கு உத்தரவிட்டார். அவருடைய படை அப்போது தோற்றுக்கொண்டிருக்கவில்லை. முந்தைய இரவெல்லாம் 30 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்து, ஒட்டோமான் (துருக்கி) படையின் காவலரண்களைச் சுற்றி வளைத்து, நெருக்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மக்தபாவின் கிணறுகள் எதிரியின் கையில் இருந்தன. வழியிலுள்ள பீர் லஹ்ஃபானில் ஊற்றுத் தோண்டப் போன பொறியாளர்கள் அங்கே தண்ணீர் கிடைக்கவில்லை என்று செய்தி அனுப்பியிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் மக்தபா விழாவிட்டால், தண்ணீர் காட்டாத குதிரைகளை வந்த வழியே இரவில் திருப்பி ஓட்டிச் செல்ல வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் ஷோவெல் உத்தரவை எழுதினார்.

உத்தரவு முதலாம் இலகுரகக் குதிரைப்படைப் பிரிவின் தலைவர் சார்லஸ் காக்ஸ் கைக்கு வந்து சேர்ந்தபோது, அவருடைய வீரர்கள் ஓர் அரணின் மீது பாயும் தறுவாயில் இருந்தார்கள். தாளை எடுத்துப் போய்விட்டு அரை மணி நேரம் கழித்து முதல்முறையாகத் தம்மிடம் காட்டும்படி அவர் தூதரிடம் சொன்னதாக அந்தப் படையின் வரலாறுகள் கூறுகின்றன. அரண் விழுந்தது, பொழுது சாய்வதற்குள் 1,200க்கும் மேற்பட்டோர் சரணடைந்தார்கள், கிணறுகளும் கைக்கு வந்தன. காக்ஸின் துணிச்சலைப் போற்றுவோர் பலர். என் பார்வையில் ஷோவெலின் உத்தரவும் தவறில்லை. அன்று மாலை அந்த அரண் விழாமல் போயிருந்தால் மறுநாள் வரலாறு காக்ஸைப் பற்றி வேறுவிதமாக எழுதியிருக்கும்.

முதல் உலகப் போரில் எகிப்தியப் பயணப்படை என்று அழைக்கப்பட்ட பிரிட்டிஷ் பேரரசுப் படை, சூயஸ் கால்வாயிலிருந்து பாலஸ்தீனத்தின் தென்வாசல் வரை முன்னேற ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டது. அந்த முன்னேற்றத்தில் தண்ணீர் எப்படிக் கொண்டுவரப்பட்டது, எங்கே போதாமல் போனது, போதாமை சண்டையின் போக்கை எப்படி மாற்றியது என்பவற்றையே இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. படைகளின் வீரம், வியூகம் ஆகியவை தண்ணீரைத் தொடும் அளவுக்கே இங்கு வரும்.

ஒட்டகம் சுமப்பதும் குதிரை குடிப்பதும்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. பாலையில் ஒரு வீரருக்குக் குடிக்க, சமைக்க, முகம் கழுவ எல்லாவற்றுக்குமாக ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலரை லிட்டர் கொடுத்தால், இன்பமாக இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். குதிரைக்கு ஐந்து கேலன் என்பதே சிக்கனமான அளவு. வெயிலில் ஓடிய குதிரை கிடைத்தால் அதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். ஒட்டகம் சில நாள்கள் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் குடிக்கிற நாளில் அது இருபது கேலனுக்கு மேல் இழுத்துவிடும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

படையில் தண்ணீர் சுமக்கப் பயன்பட்ட கலத்துக்கு ஃபன்தாஸ் என்று பெயர். தகரத்தால் செய்த தட்டையான பெட்டி. சுமார் பன்னிரண்டு கேலன் கொள்ளும். சேணத்தின் இருபுறமும் ஒவ்வொன்றாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். இரண்டும் ஒரே எடையில் இல்லாவிட்டால் சேணம் ஒருபக்கம் சாய்ந்து ஒட்டகத்தின் முதுகைப் புண்ணாக்கிவிடும். புண்பட்ட ஒட்டகம் வாரக்கணக்கில் சுமைக்கு உதவாது. ஆகவே ஒன்றிலிருந்து மட்டும் தண்ணீரை எடுத்துக் காலி செய்யக்கூடாது, இரண்டிலிருந்தும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும் என்பது ஓட்டிகளுக்குக் கைவந்த பாடம். அந்த ஓட்டிகள் பெரும்பாலும் எகிப்தின் நைல் கரைக் கிராமங்களிலிருந்து திரட்டப்பட்ட உழவர்கள். போர்க்கதைகளில் அவர்களுக்கு இடம் குறைவு. அவர்கள் இல்லாமல் இந்தப் படை கால்வாயை விட்டு ஒரு நாள் தொலைவுகூடப் போயிருக்க முடியாது.

இப்போது ஓர் ஒட்டகம் சுமப்பது 24 கேலன் என்று வைத்துக்கொள்வோம். அது 24 வீரர்களின் ஒரு நாள் தேவை. குதிரைகளுக்கென்றால் ஐந்து குதிரைகளுக்குக்கூட முழுதாகக் காணாது. ஆறாயிரம் குதிரைகள் கொண்ட ஒரு குதிரைப்படை டிவிஷனுக்கு ஒரு நாள் தண்ணீர் காட்ட 1,250 ஒட்டகங்கள் வேண்டும். நீர்நிலைக்குப் போய்த் திரும்ப இரண்டு நாள் ஆகுமென்றால் 2,500. அந்த ஒட்டகங்களுக்குத் தீனி சுமக்க இன்னும் சில நூறு. கணக்கு இப்படி வாலைத் தானே கடிக்கும் பாம்பாகிவிடுவதால், சினாயில் படையதிகாரிகள் சீக்கிரமே ஒரு முடிவுக்கு வந்தார்கள். மனிதனுக்குரிய தண்ணீரைச் சுமந்து செல்லலாம். குதிரைக்குரியதை அது நிற்கும் இடத்திலோ போய்ச் சேரும் இடத்திலோ கண்டெடுத்தாக வேண்டும்.

தண்ணீர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால், அங்கேதான் பலரும் தவறவிடும் இரண்டாவது கணக்கு இருக்கிறது. கித்தான் துணியால் செய்த நீர்த்தொட்டியை மரமுளைகளில் இழுத்துக்கட்டி, கைபம்பினால் நிரப்பி, குதிரைகளை வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள். கடிவாள இரும்பைக் கழற்ற வேண்டும். குதிரை முதல் மிடறுகளுக்குப் பின் தலையைத் தூக்கி மூச்சு வாங்கும். அனுபவமில்லாதவன் அது குடித்து முடித்துவிட்டது என்று நினைத்து இழுத்துக்கொண்டு போய்விடுவான். தெரிந்தவன் காத்திருப்பான்; அது மறுபடி தலையைக் குனியும். ஆக ஒரு வரிசைக்கு ஐந்து நிமிடம், வரிசை மாற ஒரு நிமிடம். இருபது குதிரைகள் ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய தொட்டி என்றால் மணிக்கு 200 குதிரைகள். இரண்டாயிரம் குதிரைகள் உள்ள ஒரு பிரிவுக்கு ஒரு தொட்டியில் பத்து மணி நேரம். அதுவும் கிணறு மணிக்கு ஆயிரம் கேலன் சுரந்தால்தான். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்பதைவிட, ஒரு மணி நேரத்தில் எத்தனை வாய்க்கு எட்டும் என்று கேட்பதே படைத்தலைவனுக்குப் பயனுள்ள கேள்வி. மக்தபாவில் ஷோவெல் போட்டதும், பின்னர் பீர்செபாவில் பலரும் போடத் தவறியதும் இந்தக் கணக்குத்தான் என்பது என் எண்ணம்.

குழாயும் ஈட்டிமுனையும்

1915 பிப்ரவரி தொடக்கத்தில் ஜெமால் பாஷாவின் ஒட்டோமான் படை சினாயின் நடுப்பாதை வழியே வந்து சூயஸ் கால்வாயைத் தாக்கியது. தாக்குதல் தோற்றது, ஆனால் இருபதாயிரம் அளவிலான படை தாகத்தால் அழியாமல் அந்தப் பாலையைக் கடந்துவிட்டது என்பதே கெய்ரோவில் இருந்தவர்களுக்கு அதிர்ச்சி. குளிர்கால மழைக்குப் பின் வந்தது, இரவில் நடந்தது, முன்கூட்டியே கிணறுகளைத் தயார் செய்தது என்று அந்தப் படையின் ஏற்பாடு பாராட்டத்தக்கது. அதற்குப் பதிலடியாகப் பிரிட்டிஷார் செய்ததில் ஒன்று, நடுப்பாதையின் தண்ணீரை இல்லாமல் ஆக்குவது. 1916 ஏப்ரலில் ஜிஃப்ஜஃபாவில் கிணறு துளைக்கும் கருவிகளைக் குதிரைப்படையினர் அழித்தார்கள். ஜூனில் வாடி முக்‌ஷெய்ப் பகுதியின் குட்டைகளிலும் பழைய நிலத்தொட்டிகளிலும் தேங்கியிருந்த சுமார் 50 லட்சம் கேலன் தண்ணீரை இறைத்து மணலில் விட்டு, தொட்டிகளையும் மூடினார்கள். பாலையில் இதைச் செய்வதற்கு மனம் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். படை நோக்கில், எதிரிக்கு இனி வடக்குக் கடலோரப் பாதை மட்டுமே மிஞ்சியது.

அந்த வடக்குப் பாதைதான் பிரிட்டிஷாரின் பாதையும் ஆயிற்று. தளபதி ஆர்ச்சிபால்ட் மர்ரே அங்கே ரயில் பாதையையும் குழாய்ப் பாதையையும் பக்கம் பக்கமாகப் போடச் செய்தார். நைல் நதியிலிருந்து வரும் நன்னீர்க் கால்வாயின் தண்ணீர் சூயஸ் கரையிலுள்ள கந்தாராவுக்குக் கொண்டுவரப்பட்டு, வடிகட்டப்பட்டு, சூயஸ் கால்வாய்க்கு அடியில் செலுத்தப்பட்டு, பாலைக்குள் ஏற்றப்பட்டது. நைல் நீர் அப்படியே உடலில் பட்டாலே பில்ஹார்சியா என்னும் ஒட்டுண்ணிப் புழு நோய் தொற்றக்கூடும். அது நத்தைகள் வழியாகப் பரவுகிறது என்பதை 1915இல் எகிப்தில் ராபர்ட் லைப்பர் நிறுவியிருந்தார். எனவே வடிகட்டலுக்கும் மருந்திடலுக்கும் தனி அக்கறை காட்டப்பட்டது. அமெரிக்காவிலிருந்து தருவிக்கப்பட்ட பன்னிரண்டு அங்குலக் குழாய்கள், இடையிடையே நீரேற்று நிலையங்கள், தொட்டிகள் என்று பாதை நீண்டு, 1916 நவம்பர் நடுவில் ரொமானிக்கும் 1917 பிப்ரவரி 5இல் எல் அரிஷுக்கும் தண்ணீர் வந்து சேர்ந்தது. கந்தாராவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். நைல் பாலஸ்தீனத்துக்குள் பாயும்போது ஒரு தீர்க்கதரிசி எருசலேமை விடுவிப்பார் என்றொரு பழங்கதை அங்கே வழங்கியதாகவும், பின்னர் தளபதியாக வந்த ஆலன்பியின் பெயர் அரபியில் தீர்க்கதரிசியைக் குறிக்கும் ‘அல் நபி’ போல ஒலித்ததாகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். கதை எவ்வளவு பழையதோ, குழாய் மட்டும் புதியது.

குழாய் வருவதற்கு முன் நடந்தது ரொமானிச் சண்டை. 1916 ஆகஸ்ட் 4, 5 தேதிகளில் எதிரியைத் துரத்திக் கத்தியா என்னும் இடத்துக்குப் போகும்படி ஏவப்பட்ட பிரிட்டிஷ் காலாட்படை, குறிப்பாக 42ஆவது டிவிஷன், ஆகஸ்ட் வெயிலில் கணுக்கால் புதையும் மணலில் நடந்தபோது நூற்றுக்கணக்கானோர் வழியிலேயே விழுந்தார்கள். தண்ணீர் சுமக்க வேண்டிய ஒட்டகங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. துரத்தல் அன்றே சோர்ந்துபோயிற்று. பாலையில் பழகாத படையைக் குறை சொல்வதைவிட, ஒட்டகங்கள் ஆயத்தமாகும் முன்பே நடக்கச் சொன்ன ஏற்பாட்டைக் குறை சொல்வதே நியாயம்.

ஆனால் குழாய் நீர் மனிதருக்கும் ரயில் எஞ்சினுக்கும்தான். குதிரைகளுக்குச் சினாயின் மணலே தண்ணீர் கொடுத்தது. வடக்குச் சினாயில் மணல்மேடுகளுக்கு இடையே பேரீச்சமரங்கள் நிற்கும் தாழ்வுகளை அங்கே ‘ஹோட்’ என்பார்கள். அவற்றில் சில அடி தோண்டினால் உவர்ப்பான ஊற்று வரும். நம் கடலோரங்களில் மணலூற்றுப் பறித்தவர்களுக்கு இதன் இயல்பு தெரியும்: மழைநீர் இலேசானதால் உப்புநீரின் மேல் மிதக்கிறது, ஆழமாகத் தோண்டுகிறவனுக்கு உப்புத்தான் கிடைக்கும். மனிதர் குடிக்க முடியாத இந்த நீரைக் குதிரைகளும் முதலில் முகர்ந்துவிட்டு விலகின, பழகியபின் குடித்தன.

மணலில் கிணறு தோண்டினால் சரியும். பலகை அடித்துத் தாங்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். ஆஸ்திரேலியக் குதிரைப்படையின் பொறியாளர்கள் இதற்கு எளிய வழியொன்று கண்டார்கள். இரண்டரை அங்குலக் குழாயின் முனையைக் கூராக்கி, அதன் மேல்பகுதியில் துளையிட்டு, மணல் புகாதபடி நுண்துளைப் பித்தளைத் தகட்டால் சுற்றி, சம்மட்டியாலோ கப்பியில் தூக்கிப்போடும் எடையாலோ மணலுக்குள் அடித்து இறக்கினார்கள். தேவைப்பட்டால் மேலே இன்னொரு துண்டு. பின் படையில் ஏற்கெனவே இருந்த கைபம்பை அதன் தலையில் மாட்டினால் தண்ணீர். ஊருக்கு ஊர் அடிபம்பு பார்த்த தமிழருக்கு இது வியப்பாக இராது. ஆனால் ஒரு ஸ்குவாட்ரன் (ரெஜிமென்ட்டின் உட்பிரிவான குதிரை அணி) வந்து இறங்கிச் சிறிது நேரத்திலேயே குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டத் தொடங்கலாம் என்பது அந்தப் படைக்குப் பெரிய மாற்றம். ஈட்டிமுனை என்று பெயரிடப்பட்ட இக்கருவி ஒவ்வொரு ஸ்குவாட்ரனுக்கும் வழங்கப்பட்டது. இதன் மூதாதை 1868இல் ராபர்ட் நேப்பியரின் அபிசீனிய (இன்றைய எத்தியோப்பியா) படையெடுப்பில் பயன்பட்ட அடித்திறக்கும் குழாய்க் கிணறு; பிற்காலத்தில் அதற்கு அபிசீனியக் கிணறு என்றே பெயர் நிலைத்தது. மதராஸ் சாப்பர்ஸ் என்னும் சென்னைப் பொறியாளர் படையின் வீரர்களும் அந்தப் படையெடுப்பில் இருந்தார்கள்.

பீர்செபா

1917 மார்ச்சிலும் ஏப்ரலிலும் காசாவை நேரே மோதிப் பார்த்துத் தோற்றபின், ஜூன் இறுதியில் பொறுப்பேற்ற எட்மண்ட் ஆலன்பி, ஒட்டோமான் வரிசையின் கிழக்கு முனையான பீர்செபாவைச் சுற்றி வளைக்கும் திட்டத்தை ஏற்றார். தமிழ் வேதாகமத்தில் பெயெர்செபா என்று வரும் ஊர் இது. ஆபிரகாம் தான் தோண்டிய துரவை அபிமெலேக்கின் வேலைக்காரர் பறித்துக்கொண்டதற்காக வழக்காடி, ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைச் சாட்சியாக வைத்து ஆணையிட்ட இடம். ஊரின் பெயரிலேயே கிணறு இருக்கிறது. சுற்றியுள்ள வறண்ட நிலத்தில் பெரும்படைக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்பதாலேயே அது எதிரியின் அரணாகவும் பிரிட்டிஷாரின் இலக்காகவும் இருந்தது. கிழக்கிலிருந்து பெரிய குதிரைப்படை வர முடியாது, வந்தால் குதிரைகள் தாகத்தால் சாகும் என்று எதிரிகள் நினைத்ததில் நியாயமிருந்தது.

அந்த நியாயத்தை முறியடிக்கும் வேலை தண்ணீர் தேடுவதில் தொடங்கியது. மேற்கே ஷெல்லாலில் ஊற்றுகளின் நீரைத் தேக்க, பாறையில் இயற்கையாக அமைந்த பள்ளத்தை 5 லட்சம் கேலன் கொள்ளும் தொட்டியாக்கினார்கள். தெற்கே கலசாவும் அஸ்லுஜும் பழங்காலத்தில் மக்கள் நிறைந்த ஊர்களாக இருந்தன என்பதைப் பாலஸ்தீன ஆய்வு நிதியத்தின் பழைய பதிவுகளிலிருந்து ஷோவெல் அறிந்தார். ஊர் இருந்திருந்தால் தண்ணீரும் இருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். உள்ளூர் முதியவர்களையும் விசாரித்தார்கள். கிணறுகள் இருந்தன, ஆனால் ஒட்டோமான் படையினர் அவற்றை வெடிவைத்துத் தகர்த்துவிட்டிருந்தார்கள். அக்டோபர் பிற்பகுதியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பொறியாளர்கள் அங்கே போய், இடிபாடுகளை அள்ளி, பம்புகளைப் பொருத்தினார்கள். இதை முன்கூட்டியே செய்தால் திட்டம் அம்பலமாகிவிடும். தாமதித்தால் குதிரைகளுக்குத் தண்ணீர் இராது. இந்த இடைவெளியில் வேலை முடிந்ததை அந்தப் போரின் சிறந்த பொறியியல் வேலைகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன். குதிரைப் பாய்ச்சலைப் பற்றி எழுதுவோர் இதற்கு ஒரு வரிதான் ஒதுக்குகிறார்கள்.

காலாட்படைக்கு வேறு ஏற்பாடு. ரயில் முனையிலிருந்து பதினைந்து முதல் இருபது மைல் முன்னே போகும் படைப்பகுதிக்கு உணவு, தண்ணீர், வெடிபொருள் கொண்டுசெல்ல, கையிலிருந்த 30,000 ஒட்டகங்களில் ஏறக்குறைய அனைத்தையும் ஒதுக்க நேர்ந்தது என்று ஆலன்பியே தம் அறிக்கையில் எழுதினார். அதாவது இன்னொரு முனையில் அதே சமயம் பெருந்தாக்குதல் நடத்த வேண்டுமென்றால் ஒட்டகம் இல்லை.

அக்டோபர் 30 இரவு கலசாவிலிருந்தும் அஸ்லுஜிலிருந்தும் குதிரைப்படைகள் புறப்பட்டு, 31 காலை பீர்செபாவின் கிழக்கே வந்து சேர்ந்தன. சில நாள்களுக்கு முன் பெய்த இடிமழையால் ஆங்காங்கே குட்டைகளில் தண்ணீர் தேங்கியிருந்தது நல்வாய்ப்பு. அதைத் திட்டத்தில் யாரும் எழுதியிருக்க முடியாது. பகலெல்லாம் சண்டை நீண்டது. பிற்பகல் மூன்று மணியளவில் நியூசிலாந்தினர் ஊருக்குக் கிழக்கேயுள்ள தெல் எல் சபா மேட்டைப் பிடித்தபோது, நவம்பர் நெருங்கும் அந்த நாளில் இரண்டு மணி நேர வெளிச்சமே மிச்சம். மக்தபாவின் அதே கேள்வி ஷோவெலின் முன் மறுபடி வந்து நின்றது. இந்த முறை அவர் பின்வாங்கவில்லை. நான்காம் இலகுரகக் குதிரைப்படைப் பிரிவின் இரண்டு ரெஜிமென்ட்டுகளை, சுமார் 800 பேரை, பதுங்குகுழிகளை நோக்கி நேரே பாயவிட்டார். அந்தப் பிரிவில் 31 பேர் மாண்டார்கள், எழுபது குதிரைகளேனும் செத்தன, ஊர் விழுந்தது. குதிரைகள் தண்ணீர் வாடை பிடித்து ஓடின என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. தாகம் அவற்றுக்கு இருந்ததில் ஐயமில்லை. ஆனால் ஒரு பாய்ச்சலுக்குக் குதிரையின் மூக்கைக் காரணமாக்கினால், மனிதன் எடுத்த முடிவு மறைந்துவிடும்.

கிணறுகளைத் தகர்க்க வெடிகள் பொருத்தப்பட்டிருந்தன. படை வேகமாக ஊருக்குள் புகுந்ததால் 17 கிணறுகளில் பெரும்பாலானவை தப்பின. இரண்டு தேக்கத்தொட்டிகளில் ஏறத்தாழ 90,000 கேலன் இருந்தது. வெற்றிக் கதைகள் இங்கே முடிந்துவிடும். தண்ணீர்க் கதை இங்கிருந்துதான் சிக்கலாகிறது.

வெற்றிக்குப் பின்

90,000 கேலன் என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது. பத்தாயிரம் குதிரைகளுக்கு அது இரண்டு நாள் தண்ணீர்கூட அன்று. அதன்பின் கிணறுகளின் சுரப்பை நம்ப வேண்டும், அவை ஆழமானவை, இறைக்கும் இயந்திரங்கள் பழுதுபட்டிருந்தன, குதிரைகளோடு காலாட்படையின் கோவேறு கழுதைகளும் ஒட்டகங்களும் வந்து வரிசையில் நின்றன. மேலும் அந்த வாரம் முழுவதும் கம்சின் என்னும் வெப்பக்காற்று புழுதியோடு வீசியது. பீர்செபா விழுந்தவுடனே வடக்கே ஷெரியாவைத் தாக்கி எதிரியின் பக்கவாட்டை உடைப்பது என்றிருந்த திட்டம் நவம்பர் 6 வரை தள்ளிப்போயிற்று. வடக்கிலுள்ள குவெய்ல்ஃபே மலையடிவாரத்தில் சண்டையிட்ட பிரிவுகளைத் தண்ணீருக்காக மாற்றி மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது. குதிரைப்படையின் ஒரு பகுதி தண்ணீர் தேடி மேற்கே கார்ம் வரை திரும்பிப் போயிற்று. எதிரி அந்த நாள்களைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டான்.

இந்தத் தாமதத்துக்குப் பீர்செபாவின் தண்ணீர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. குறைவு இருந்தது உண்மை. ஆயினும் கிணறுகள் கைக்கு வந்த இரவிலிருந்து ஒரு மணிக்கு எத்தனை குதிரைகள் தொட்டியருகே வரமுடியும் என்பதைத் திட்டமிட்டவர்கள் கலசாவிலும் அஸ்லுஜிலும் காட்டிய கவனத்தோடு கணித்திருந்தால், பம்புகளையும் தொட்டிகளையும் முன்வரிசையிலேயே கொண்டுவந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பிடிக்கும் வரையிலான தண்ணீருக்குக் கணக்கு இருந்தது. பிடித்த பிறகான தண்ணீருக்கு நம்பிக்கையே இருந்தது.

நவம்பர் 7இல் ஷெரியாவும் காசாவும் விழுந்து துரத்தல் தொடங்கியபோது அதே குறை வேறுருவில் வந்தது. வழியிலுள்ள கிராமக் கிணறுகள் நூற்றைம்பது அடிக்கும் கீழே ஆழமானவை. பின்வாங்கும் படை அவற்றின் இறைவைகளை உடைத்துவிட்டுப் போயிருந்தது. வீரர்கள் தந்திக் கம்பியை முடிச்சுப் போட்டு நீட்டி, கித்தான் வாளியைக் கட்டி இறக்கி, ஒரு வாளியாக இழுத்தார்கள். வாளிக்கு இரண்டு கேலன் என்று வைத்தாலும் ஒரு குதிரைக்கு இரண்டு மூன்று இழுப்பு. ஒரு ஸ்குவாட்ரனுக்கு இரவு முழுவதும் போதாது. நவம்பர் 8இல் ஜெம்மாமேயின் கிணறுகள் கிடைத்தபோது சில பிரிவுகளுக்கு மூச்சு வந்தது. ஒட்டோமான் படையைச் சுற்றி வளைக்கும் நோக்கம் அதற்குள் கைநழுவிப் போயிருந்தது. அவர்கள் அடிபட்டாலும் வடக்கே நழுவிவிட்டார்கள்.

அந்த நாள்களில் குதிரைப் பீரங்கி அணியொன்றின் குதிரைகள் ஒன்பது நாள்களில் மூன்றே முறைதான் தண்ணீர் கண்டன. இடைவெளிகள் 68, 72, 76 மணி நேரம். சோர்வினால் அந்த அணி இழந்தவை எட்டுக் குதிரைகள் மட்டுமே.